கோடியக்கரை மூலை

படகு கட்டுவதற்குக் கோலார் தங்கவயல் அவ்வளவு மோசமான இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றில் உப்பு கிடையாது, ஆணி சீக்கிரம் துருப்பிடிக்காது. மழை குறைவு, மரம் ஊறிப்போகாது. வெல்டர், ஃபிட்டர், தச்சர், கொல்லர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஒரே ஒரு குறை, கடல் இல்லை. பக்கத்தில் இருந்த கடல் சென்னையில் இருந்தது. நாங்கள் அதற்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி மேலே, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளின் நிழலில் இருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாரிகுப்பத்தில் ரயில் பாதை முடிந்துபோகிற இடத்துக்குச் சற்று அப்பால், நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் அவரும் நானும் ஒரு பாய்மரப் படகைக் கட்டினோம். மீன் பிடிக்கிற படகில்லை. கரையோரமாக ஊர் ஊராகப் போய், அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி வருவதற்கான சின்ன யாட். ஒரு பாய்மரம், இரண்டு பாய், முழங்காலிட்டு நுழைகிற ஓர் அறை, அதற்குள் இரண்டு பலகைப் படுக்கை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப் நூலகத்தைக் கழித்துக்கட்டியபோது எனக்குக் கிடைத்த பழைய பத்திரிகை ஒன்றில் அதன் வரைபடம் இருந்தது. நான் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸ்காரன். மண்வாரி இயந்திரத்தின் பற்களை வரைந்து வரைந்து எனக்கே பல் கூசிப்போயிருந்த காலம். படகின் வளைந்த விலாவைப் பார்த்ததும் மனம் போய்விட்டது. முப்பத்தெட்டு வயதுக்காரர்களுக்கு வேறு எதன் வளைவிலோ மனம் போவதாகப் படித்திருக்கிறேன். எனக்குப் படகு.

நண்பர் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். தரைக்கு வெகு ஆழத்தில் உட்கார்ந்து, ஊறி வருகிற தண்ணீரை மேல் லெவலுக்கு ஏற்றி அனுப்புவது அவர் வேலை. அவருடைய அப்பாவும் அதையே செய்தார். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து அதையே வாளியால் செய்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் ‘அண்ணா’ என்பேன். தொழிற்சாலைக்காரன் என்பதால் அவர் என்னை ‘சார்’ என்பார். தச்சு வேலையில் அவருக்கு நல்ல கை. ஆனால் தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அதை நான் பலகைகளைப் பொருத்தும்போதே கவனித்திருக்க வேண்டும்.

“அண்ணா, இந்த இடுக்கு வழியா தண்ணி உள்ள வருமே” என்றேன்.

“வரும்.”

“அதை அடைக்கணுமே.”

“தண்ணி வராத எடம் எங்க கீது சார்? அது பாட்டுக்கு வரும், நாம பாட்டுக்கு எறைப்போம். இம்மாம் பெரிய மைனே அப்படித்தான் ஓடிகினு கீது.”

பாய்மரம் நடுவதற்கு முன்பே படகின் நடுவில் கைப்பம்பு ஒன்றை நட்டுவிட்டார். சாதாரணப் பம்பா அது? ஒரு சின்ன ஏரியையே காலி செய்யக்கூடியது. உலகத்தில் எல்லாப் படகுக்காரர்களும் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். சுரங்கக்காரர்கள் கட்டிய படகில் மட்டும் தண்ணீருக்கு வரவேற்பும் உண்டு, வழியனுப்புதலும் உண்டு.

காலையில் பெங்களூர் வண்டிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் படகு பிளாட்பாரத்திலிருந்தே தெரியும். வண்டி கிளம்புகிற வரை அவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

“இன்னாபா, இது எந்த மைன் ஷாஃப்ட்ல எறங்கும்?”

“உங்க ஊட்டு கெணத்துல” என்பார் நண்பர், தலை தூக்காமல்.

அந்தக் கூட்டத்தில் முக்கியமான ஆள் என் மனைவியின் தம்பி. பெங்களூரில் வேலை, தினமும் போய் வருகிறவன். மாரிகுப்பம் குடும்பம், அதனால் மாமாவைக் கிண்டல் செய்வதை உரிமையாக நினைப்பவன். “மாமா, ஒரு ஹார்னும் வெச்சிடுங்க. எருமைங்க குறுக்க வரும்” என்பான். வண்டிப் பெட்டி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்குப் பரிகாசக் கட்டுரை எழுதுகிறவன் இல்லையா நான், மற்றவன் செய்யும்போது ரசிக்காவிட்டால் மரியாதை கெட்டுவிடும்.

கட்டி முடிக்க வருடங்கள் ஆயின. பேத்தமங்கலா ஏரியில் மிதக்கவிட்டுப் பார்க்கப் போனோம். ‘குடிக்கிற தண்ணியில கட்டையப் போடறீங்களா’ என்று கன்னடத்தில் திட்டி விரட்டினார் அங்கிருந்த காவலாளி. பாலாறு அங்கிருந்துதான் போய்க் கடலில் சேர்கிறது. ஆற்றில் தண்ணீர் வருகிற வரை காத்திருந்தால் செலவில்லாமல் கடலுக்குப் போயிருக்கலாம். இன்னமும் காத்திருந்திருப்போம். கடைசியில் பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்குத் தக்காளி ஏற்றிப்போகிற லாரிக்காரர் ஒருவர் கூடைகளுக்கு மேலே படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போனார். காசிமேட்டில் இறக்கியபோது பலகை இடுக்குகளில் தக்காளி விதை ஒட்டியிருந்தது. பார்க்க வந்த மீனவர்கள் எதுவும் சொல்லவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டை மட்டும் பார்த்தேன்.

எங்கள் ஏற்பாடு இது. கடற்கரையை ஒரே மூச்சில் போக எங்களுக்கு லீவு கிடையாது. அதனால் ஒவ்வொரு லீவிலும் ஒரு துண்டு. சென்னையிலிருந்து ஒரு துண்டு தெற்கே போவது, அங்கே தெரிந்த மீனவர் யாரிடமாவது படகை ஒப்படைத்துவிட்டு ரயிலேறி ஊர் திரும்புவது, அடுத்த லீவில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. அதைப் போட்டவர் நண்பர்தான். சுரங்கத்தில் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடி வராத நாளில் ஒருத்தன் தன்னந்தனியாக இடத்துக்குப் போகமாட்டான், வேறொருத்தனைக் கூட்டிக்கொண்டும் போகமாட்டான். மேலே கல் எப்படிப் பேசுகிறது என்பது பழகிய ஜோடிக்குத்தான் தெரியும் என்பார்கள்.

“படகுலயும் அதே ரூலு சார். ஒரு ஆளு பாய், ஒரு ஆளு பம்பு. நான் இல்லாம நீங்க இல்ல, நீங்க இல்லாம நான் இல்ல. நீங்கதான் என் ஜோடி.”

என் கல்யாணத்தில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

படகு வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வெள்ளை பேண்ட் போட்ட ஆண்கள் கையில் கோப்பையுடன் படகில் சாய்ந்திருப்பார்கள். நாங்கள் லுங்கியில் இருந்தோம். எங்கள் கோப்பையில் எலுமிச்சம்பழமும் உப்பும் இருந்தன, வாந்திக்காக. ஷிப்ட் முறை. முதல் ஷிப்டில் அவர் சுக்கான், நான் பம்பு. இரண்டாவது ஷிப்டில் நான் சுக்கான், அவர் பம்பு. ஷிப்ட் மாறும்போது அவர் என்னிடம், “தண்ணி கணுக்கால்வரைக்கும் கீது, காத்து தெக்கு, அடுப்புல டீ கீது” என்று ஒப்படைப்பார். நான் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். தொழிற்சாலையில் எனக்கு எப்போதும் ஜெனரல் ஷிப்ட்தான். ஷிப்ட் மாற்றி ஒப்படைக்கப்படுகிற கௌரவத்தை நடுக்கடலில்தான் அனுபவித்தேன். நடுக்கடல் என்பது மிகை. கரையில் மாடு மேய்வது தெரிகிற தூரம்.

மண்ணெண்ணெய் அடுப்பை மணல் நிரப்பிய தகரத் தட்டில் வைத்து அவர் களி கிண்டுவார். படகு ஆடினால் களி தானாகவே கிண்டிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அப்படி ஒருமுறை அது தானாகவே கடலுக்கும் போனது. எங்களுக்கு மீன் பிடிக்க வரவில்லை. தூண்டிலில் ஒருமுறை என் லுங்கி மாட்டியது. எதிரே வரும் கட்டுமரக்காரர்களிடம் மீன் வாங்கினோம். அவர்கள் எங்களைப் பார்த்து ‘எந்த ஊரு’ என்பார்கள். கோலார் என்றதும், ‘தங்கம் எடுக்கிற ஊரா? இங்க என்ன தேடறீங்க?’ என்பார்கள். பதில் தெரிந்திருந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்திருப்போம். கழிப்பறை நீல நிற பிளாஸ்டிக் பக்கெட். துணி, போர்வை, தீப்பெட்டி, புத்தகம் எதுவும் முழுக்கக் காயாது. நான் கொண்டுபோன தடித்த நாவல் ஒன்று ஈரத்தில் உப்பி, படிக்க முடியாமல், தலையணையாகப் பதவி உயர்வு பெற்றது.

இவ்வளவு அவதியும் எதற்கு என்று கேட்டால், கோடியக்கரைக்காக. தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வருகிற கரை, வேதாரண்யம் தாண்டியதும் சட்டென்று மேற்கே திரும்பிவிடும். ஏறக்குறைய செங்கோணம். டிராயிங் ஆபீஸ்காரன் கண்ணில் அது படாமல் போகுமா? என் ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வரைபடம் இருந்தது. சின்ன வயதிலிருந்து நான் நேர்கோட்டில் வந்தவன். படிப்பு, வேலை, குவார்ட்டர்ஸ், கல்யாணம், குழந்தை. வாழ்க்கையில் ஒரு மூலையையாவது நானே பாய் பிடித்துத் திரும்ப வேண்டும் என்று இருந்தது. இதை நான் வீட்டிலும் சொல்வேன், ஆபீஸிலும் சொல்வேன், ரயிலிலும் சொல்வேன். “அந்த மூலையில அலை அடங்கிடும். இந்தப் பக்கம் வங்காள விரிகுடா, திரும்பினா குளம் மாதிரி. காத்துகூட வேற தோளுக்கு வந்துடும்.” மச்சான் அதைக் கேட்டுக்கொண்டே சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வான்.

துண்டு துண்டாக நாகப்பட்டினம் வரை வந்துவிட்டோம். அடுத்த துண்டுதான் மூலை.

அந்த வருடம் இரண்டாயிரத்து ஒன்று. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நண்பருக்கு ஓய்வு பெறுகிற வயது ஆகியிருக்கவில்லை. எனக்கோ மார்ச் மாதம். தொழிற்சாலைகளில் மார்ச்சில் லீவு கேட்பவனைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், உற்பத்திக் கணக்கு முடிகிற மாதம். ஏப்ரலில்தான் லீவு தருவேன் என்றார் மேலதிகாரி. நான் நண்பரிடம் சொன்னேன். “இன்னா அவசரம் சார், ஏப்ரல்லயே போவலாம். நடுவுல நான் மட்டும் ஒரு நட நாகப்பட்டினம் போயி படகுல தண்ணி எறச்சிட்டு வந்துடறேன்” என்றார். நியாயமான பேச்சு. எங்கள் படகைச் சும்மா விட்டால் அது தண்ணீரைத் தானே சேமிக்க ஆரம்பித்துவிடும்.

அவர் போய் வந்த சமயத்திலேயே மச்சானும் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று போய் வந்தான். எங்கள் ஊரில் எல்லா சாமி கும்பிடுகிறவர்களும் வேளாங்கண்ணி போவார்கள், அதில் விசேஷமில்லை. மூக்கு உரிந்து, முகம் கறுத்து வந்தான். என் மனைவி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

“இன்னா மச்சான், இப்படிக் கறுத்துட்ட?”

“கோயில்ல க்யூ ஜாஸ்தி மாமா. வெயில்லயே நின்னேன்.”

என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் கிளம்பினோம். அந்தக் கடலில் அப்போது காவல் அதிகம். நாகப்பட்டினத்தில் விசாரித்தார்கள். கோலாரிலிருந்து இரண்டு நடுவயதுக்காரர்கள் உல்லாசத்துக்காகப் படகில் போகிறார்கள் என்பதை நம்ப வைப்பது கடினமாக இருந்தது. எங்கள் படகைப் பார்த்த பிறகு நம்பினார்கள். இதில் யாரும் எதையும் கடத்த முடியாது என்று தெரிந்துவிட்டது.

விடியற்காலைக் கரைக்காற்றில் புறப்பட்டு, முதல் நாள் வேதாரண்யம் பக்கம் நங்கூரம் போட்டோம். மறுநாள் சோழகக் காற்று தெற்கிலிருந்து எதிர்த்து அடிக்க, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இறங்கினோம். நண்பர் சுக்கானில். கலங்கரை விளக்கம் தெரிந்தது. நான் கடல் வரைபடத்தை மடியில் விரித்து, “அண்ணா, இன்னும் கொஞ்சத்துல அடி மணல் மேல வரும், வெளியே தள்ளிப் போகணும்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே வெளியே தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சுரங்கத்தில் இருட்டில் வேலை செய்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும் என்று நினைத்தேன். அதைக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று மனதில் ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். நல்ல வாக்கியம். கடவுள் அருளால் மறந்துவிட்டேன்.

“சார், நீங்க வந்து புடிங்க. திருப்பற எடம். நீங்கதான் திருப்பணும்” என்றார்.

நான் சுக்கானைப் பிடித்தேன். திருப்பினேன். பாய் ஒருமுறை படபடத்து மறுபடி நிமிர்ந்தது. எதிரில் இருந்த காற்று இடது தோளுக்கு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அலை அடங்கி, தண்ணீர் நிறம் மாறி, படகு சத்தமில்லாமல் ஓடியது. நான் சொல்லிச் சொல்லி வந்தது அத்தனையும் அப்படியே நடந்தது.

“அடா அடா” என்றார் நண்பர். “திரும்பிடுச்சி பாருங்க சார். காத்து எப்படித் தோளுக்கு வந்துடுச்சி பாருங்க. நீங்க சொன்ன மாதிரியே குளம் சார், குளம்.” எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கும்பிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் ஈரமாக இருந்தது. எனக்கும்தான். உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டோம்.

அன்று முழுவதும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகப் பம்பு அடித்ததில்லை.

அதற்கடுத்த நாள் அதிராம்பட்டினம். அங்கே கரை என்று ஒன்று கிடையாது. சேறும் அலையாத்திக் காடும்தான். அதற்கு நடுவே வாய்க்கால் வழியாக உள்ளே போக வேண்டும். நான் பம்பில் இருந்தேன், நண்பர் சுக்கானில். எதிரே வலையோடு ஒரு வத்தை, சின்ன மீன்பிடிப் படகு, வந்தது. அதிலிருந்தவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“என்ன அண்ணே, திரும்ப வந்தாச்சா? இப்ப நீர் வத்தம். போன மாசம் போன வாய்க்கா வேணாம், தூர்ந்து கெடக்கு. வலது கைப் பக்கமா புடிங்க.”

நண்பர் படகை வலது பக்கம் திருப்பினார். அந்த நல்ல மனிதர் விடவில்லை. படகு பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்தார். “இது வேற ஆளா? அந்த மூக்கு உரிஞ்ச தம்பி வரலையா? வழியெல்லாம் வாந்தி, பாவம்.”

வத்தை போய்விட்டது. நான் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் துரோகத்தைக் கண்டுபிடித்தவன் செய்ய வேண்டிய எதையும் அந்தப் படகில் செய்ய முடியாது. விருட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். வெளியே போகலாம் என்றால் சேறு. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர் முழங்கால் கண்ணில் படும். பம்பை நிறுத்தினால் இருவரும் நனைவோம். ஆகவே அடித்தேன்.

“மூக்கு உரிஞ்ச தம்பி யாருண்ணா?”

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேளாங்கண்ணி க்யூவுல நின்னாரே, அவரா?”

“அவுருதான் சார்.”

“மூலையைத் திரும்பி இதே எடத்துக்கு வந்தீங்க.”

“வந்தோம். ரெண்டு நாள்ல திருப்பிக் கொண்டுபோயி நாகப்பட்டினத்துலயே உட்டுட்டோம்.”

“சொல்லலாமே.”

“நீங்க எவ்ளோ ஆசையா இருந்தீங்க. அத்த கெடுக்க வேணாம்னுதான் சார்.”

“கெடுத்தாச்சு. கெடலன்னு நடிச்சீங்க. கும்பிட்டீங்களே அண்ணா, கும்பிடு எதுக்கு?”

“நடிக்கல சார்” என்றார். “நீங்க சந்தோசப்பட்டீங்க. அத்தப் பாத்ததும் எனுக்கும் நெஜமாவே வந்துடுச்சி.”

நாடக விமர்சகனாக இருந்தால் இதை மெச்சியிருப்பேன். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பம்பு அடித்தேன். அவரே தொடர்ந்தார்.

“மைன் மூடுனதும் ஒருநாள் காலைல எழுந்து, டிபன் பாக்ஸ எடுத்துனு, செருப்பு மாட்டிட்டேன் சார். எங்க போறீங்கன்னு ஊட்ல கேட்டாங்க. எனுக்கு எங்கன்னு தெரில. ஸ்டேஷன்ல போயி உக்காந்தேன். எங்கனா எறங்கி வேல செஞ்சே ஆவணும் போல இருந்துச்சி. ஏப்ரல் வரைக்கும் எப்படி உக்காந்துனு இருக்கறது? அந்த நேரத்துக்கு உங்க மச்சான் வந்தாரு. வரியான்னு கேட்டேன். வந்துட்டாரு.”

“ஜோடி இல்லாம போகக்கூடாதுன்னீங்க.”

“மைனே இல்ல சார்” என்றார். “அப்பறம் இன்னா ரூலு.”

இந்த ஒரு பதிலில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அவர் துக்கம் எனக்குப் புரிந்தது. அவர் துக்கத்துக்கு என் மூலையை எடுத்துச் செலவழித்ததுதான் புரியவில்லை. அவர் வேறு எங்காவது போயிருக்கலாம். வடக்கே போயிருக்கலாம். கடல் பெரியது.

படகைத் துறையில் கட்டினோம். அங்கிருந்து தொண்டி வரை போவதாகத் திட்டம். லீவு மிச்சமிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்து, செருப்பில் ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச செருப்போடு பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. பக்கத்து சீட்காரர் சேறு படாமல் தள்ளி உட்கார்ந்தார்.

பங்காருபேட்டையில் மாரிகுப்பம் வண்டிக்கு மாறியபோது மாலை. பெங்களூரிலிருந்து திரும்புகிற அதே கூட்டம். வருடக்கணக்காக என்னைக் கிண்டல் செய்தவர்கள், என்னைப் பார்த்ததும் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார்கள்.

“இன்னா சார், சீக்கிரமே வந்துட்டீங்க. மூல நல்லா இருந்துச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மச்சான் மூலம் ஒரு ரயில் பெட்டியில் எழுபது பேருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்கிறது. அதை எனக்குத் தெரியாமல் அத்தனை பேரும் காப்பாற்றியிருக்கிறார்கள். சம்பள உயர்வு, பக்கத்து வீட்டுச் சண்டை, யாருடைய மகள் யாரோடு பஸ்ஸில் போனாள், எதையும் ஒரு ஸ்டேஷன் தூரம்கூட வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத ஊர், எனக்காக மட்டும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபப்பட்டு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் செருப்பையும் முழங்காலையும் பார்த்ததுமே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வெந்நீர் வைத்தாள்.

“உனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா ஏப்ரல்ல போயிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான்” என்றாள். “பத்து வருசமா அந்த மூலையப் பத்திப் பேசினீங்க. போயிட்டு வரட்டும்னு உட்டுட்டோம். நல்லா இருந்துச்சா இல்லையா?”

“நல்லா இருந்துச்சு.”

“அப்பறம் இன்னா?”

வாதத்தில் ஓட்டை இல்லை. எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து, எனக்கு வேண்டியதையே எனக்குக் கொடுத்திருந்தார்கள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ஏமாற்றியவன் லாபம் பார்த்திருந்தால் ஊர் என் பக்கம் பேசும். இவர்கள் பார்த்தது என் சந்தோஷத்தை. அதைச் சுற்றி உட்கார்ந்து, குழந்தை கேக் வெட்டுவதைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்கள். மச்சான் சில வாரம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. வந்தபோது ஹார்ன் பற்றியோ எருமை பற்றியோ எதுவும் சொல்லவில்லை. என்னிடம் அவ்வளவு மரியாதையாக அவன் அதற்கு முன் பேசியதே இல்லை. அதைப் பொறுத்துக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நண்பரும் நானும் அதன்பின் படகைப் பற்றிப் பேசவில்லை. அவர் அதிராம்பட்டினத்தில் ஒருவரிடம் படகை ஒப்படைத்துவிட்டு மறுநாளே ஊர் வந்திருந்தார். அது மனைவி மூலம் தெரிந்தது. அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன்.

“படகு ஒக்காந்துடுச்சி சார்” என்றார். “வாய்க்கால்லயே. ஆளு ஃபோன் பண்ணாரு. பாய்மரம் மட்டும் மேல தெரியுதாம்.”

“யாரும் எறைக்கல.”

“யாரும் எறைக்கல.”

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவோ கேட்க நினைத்து வைத்திருந்தேன். படித்தவன் கேட்கிற மாதிரி, நறுக்கென்று. வாயில் வந்தது வேறு.

“மொதல் தடவை திரும்பும்போது என்ன சொன்னீங்க?”

“யாரு?”

“நீங்கதான். மச்சானோட போனீங்களே. மூலை திரும்பும்போது.”

அவர் யோசித்தார். “ஒண்ணும் சொல்லல சார். யார்கிட்ட சொல்றது? அவுரு உள்ள சுருண்டு படுத்துனு இருந்தாரு, கண்ணே தொறக்கல. நான் பாட்டுக்கு கம்முனு உக்காந்துனு இருந்தேன். ரொம்ப நேரம்.”

“அவன் படுத்துட்டா பம்பு யார் அடிச்சாங்க?”

“நான்தான். சுக்கானைக் கயித்துல இழுத்துக் கட்டிட்டு, உள்ள வந்து நாலு அடி அடிக்கறது, மறுபடி போயி பாத்துக்கறது.”

“அப்ப ஒரு ஆளே போதுமா இருந்துச்சு.”

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

“போதும் சார்” என்றார். “மொத நாள்லேருந்தே போதும்.”

தேவைக்காக இல்லாமல் பிரியத்துக்காகவே என்னை ஜோடியாக வைத்துக்கொண்டதை அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். இருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.